பத்தரைக்குள் பிரிக்க வேண்டிய மெமரி

"...அதுவும் ராகு காலத்துல. பொண்ணு பார்க்கப் போறவன்கூட அந்த நேரத்துல செருப்ப மாட்ட மாட்டான். நீங்க என்னடான்னா பாகத்தையே அப்பதான் பிரிக்கணுங்கிறீங்க. எந்த ஊரு மேடம் உங்களுக்கு?"

"தஞ்சாவூர்தாங்க."

"அப்புறம் என்ன," என்று முடித்துவிட்டார் சிவானந்தம். தஞ்சாவூரில் பிறந்தும் இப்படிப் பேசுகிறாயே என்று அதற்குப் பொருள்.

சிவானந்தம் ஜவுளிக் கடை முதலாளி. தஞ்சாவூரில் பெரிய கடை. கும்பகோணம், ஒரத்தநாடு, நாகப்பட்டினத்தில் கிளைகள். நான்கு கடையின் பில்லும் தஞ்சாவூர்க் கடையின் மாடியில் இருந்த ஒரே ஸ்டோரேஜ் மெஷினில் போய் விழும். அந்த மெஷினைப் பராமரிக்கும் கம்பெனியிலிருந்து போகிற இன்ஜினியர் நான். இன்ஜினியர் என்பது அவர்கள் வைத்த பெயர். நான் படித்தது டைப்ரைட்டிங் ஹையர். ஊருக்கு ஊர் கம்ப்யூட்டர் வந்து இறங்கிய வருஷங்களில் டேட்டா என்ட்ரிக்குப் போனேன். மெஷின் நின்றால் திருச்சியிலிருந்து ஆள் வர நாளாகும், அதுவரை சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் மூடியைக் கழற்றிப் பார்க்க ஆரம்பித்தேன். மீதியை பஸ்ஸில் மேனுவல் படித்துக் கற்றுக்கொண்டேன். பக்கத்து சீட்டில் யாராவது சுவாரசியமாகப் பேசினால் மேனுவலை மூடிவிடுவேன். அதனால் எனக்கு இந்தத் தொழிலில் சில அத்தியாயங்கள் இன்றுவரை தெரியாது.

சிவானந்தம் பாகம் என்று சொன்னது நிலத்தை அல்ல, வீட்டை அல்ல. கேஷ் மெமரியை. கேஷ் என்றதும் கல்லாவை நினைத்துவிட வேண்டாம். அது வேறு, இது வேறு.

கவுண்டரில் கிடக்கும் புடவை

புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகள் கேஷ் என்றால் என்ன என்று கேட்டால் நான் அவர்களை ஜவுளிக் கடைக்குப் போய் ஒரு மணி நேரம் நிற்கச் சொல்வேன்.

சேல்ஸ்மேன் ரேக்கிலிருந்து புடவையை உருவி உருவிக் கவுண்டரில் போடுவார். பார்த்து முடித்ததை அப்போதே மடித்து ரேக்கில் வைக்க மாட்டார். குவிந்து கிடக்கும். கூட்டம் தணிந்த பிறகு மடித்து அடுக்குவார்கள். கவுண்டரில் இடம் இருக்கிறவரை வியாபாரம் பறக்கும். ஸ்டோரேஜும் அப்படித்தான். டிஸ்க் என்பது ரேக், மெதுவானது. அதற்கு முன்னால் இருக்கிற வேகமான மெமரிதான் கேஷ், அதாவது கவுண்டர். பில் வந்ததும் அதைக் கேஷில் வாங்கிப் போட்டுக்கொண்டு 'ஆச்சு, அடுத்த ஆள் வாங்க' என்று மெஷின் சொல்லிவிடும். டிஸ்க்கில் பிறகு எழுதும். இன்னும் எழுதாமல் கிடப்பதற்கு ரைட் பெண்டிங் என்று பெயர். அது ஓர் அளவைத் தாண்டினால் வெளியே இருப்பவர்களை மெஷின் காக்க வைக்கும். ரிப்பேர் எதுவும் இல்லை. கவுண்டரில் இடமில்லை, அவ்வளவுதான்.

இந்தக் கவுண்டரை அந்தக் கட்டடத்தில் இரண்டு பேர் புழங்கினார்கள். ஒன்று கடை. இன்னொன்று, இரண்டாம் மாடியில் சிவானந்தத்தின் தங்கை மங்கை நடத்திய ஸ்கேன் சென்டர். ஒருவருக்கு ஸ்கேன் எடுத்தால் படம் நூற்றுக்கணக்கில் மொத்தமாக வந்து கவுண்டரில் கொட்டும். கீழே பில் போடுகிறவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். மங்கையின் கணவர் மஸ்கட்டில் ஸ்கேன் படம் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டர். மெஷினை அவர் வாங்கிக் கொடுத்தார். இங்கே எடுக்கிற படம் லைனில் அங்கே போகும், அவர் டூட்டி முடிந்து உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதி அனுப்புவார். அந்த வருஷம் வேலையை விட்டு ஊருக்கே வந்துவிடுவதாக இருந்தார்.

ஆடித் தள்ளுபடியில் பில் அடிக்கடி நின்றது. சிவானந்தம் தங்கையைக் கூப்பிட்டு, ஆவணி முகூர்த்தத்திலும் இப்படி நின்றால் நீ வேறு இடம் பார்த்துக்கொள் அம்மா என்று சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை, காபி கொடுத்து உட்கார வைத்துத்தான் சொன்னார். அதனால்தான் மங்கை பயந்தார். வேறு இடம் என்றால் இதே மாதிரி ஸ்டோரேஜ், ஏசி, ஜெனரேட்டர் எல்லாம் தனியாகப் போட வேண்டும்.

"போடலாம் மேரி," என்றார் என்னிடம். "அவரு இன்னும் பத்து வருஷம் மஸ்கட்லயே இருந்தா போடலாம்."

கேஷைப் பிரித்துவிடலாம் என்று நான் சொன்னது அப்போதுதான். கவுண்டரின் குறுக்கே ஒரு பலகை. அந்தப் பக்கம் ஸ்கேன், இந்தப் பக்கம் பில். அவர் எவ்வளவு கொட்டினாலும் பலகையைத் தாண்டாது. மேனுவலில் இதற்கு பார்ட்டிஷன் என்று பெயர். அந்தச் சொல்லை நான் சிவானந்தத்திடம் சொல்லியிருக்கக் கூடாது.

மூத்தவர் பங்கு

பார்ட்டிஷன் என்று காதில் விழுந்த நிமிஷம் அவர் குடும்பத் தலைவராகிவிட்டார். சட்டையைக்கூடச் சரிசெய்து கொண்டார். எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார். முப்பத்திரண்டு ஜிபி என்றேன்.

"சரிபாதி. பதினாறு அவளுக்கு, பதினாறு எனக்கு."

நான் பதறிப்போய் விளக்கினேன். ஸ்கேனுக்கு எட்டு போதும். அது ஒரு தடவை எழுதுகிற படம், வரிசையாக டிஸ்க்குக்குப் போய்விடும். பில்தான் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதி, திரும்பத் திரும்பப் படிக்கும். அதற்குத்தான் இடம் அதிகம் வேண்டும். பலகை வைத்த பிறகு இந்தப் பக்கம் நிறைந்து வழிந்தாலும் அந்தப் பக்கம் காலியாகக் கிடக்கிற இடத்தைக் கடன் கேட்க முடியாது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நீங்க சொல்றது சரி மேடம். ஆனா கூடப் பொறந்தவளுக்குக் கால் பங்கு குடுத்தான்னு நாளைக்கு வெளிய தெரிஞ்சா?"

மெமரி எவ்வளவு என்று வெளியே யாருக்கும் தெரியாது என்றேன். மனசாட்சிக்குத் தெரியும் என்றார். மேலே இருந்தால் பில் நிற்கிறது, வேறு இடம் பார் என்று சொன்னதும் இதே மனசாட்சிதான். நான் அதைக் கேட்கவில்லை. மங்கை கேட்டுவிட்டார். "ஏண்ணே, வீட்ட விட்டு அனுப்பறதுக்கு முன்னாடி சொத்தப் பிரிச்சுக் குடுக்கறியா?" 

கடைசியில் மெஷினே ஒரு வழி காட்டியது. அது பார்ட்டிஷன்களைச் சைபரிலிருந்து எண்ணும். ஏற்கெனவே இருக்கிற பொதுப் பாகம் சைபர், புதிதாகப் பிரிப்பது ஒன்று. கடை பொதுவிலேயே இருக்கப்போகிறது, ஆகவே தங்கைக்கு ஒன்றாம் நம்பர், கடைக்குச் சைபர் என்று சொன்னேன். அவர் ஸ்கிரீனை எட்டிப் பார்த்தார்.

"அளவுல கம்மி. ஆனா முதல் நம்பர் அவளுக்கு."

"ஆமாங்க."

"அது போதும்," என்றார். முகம் தெளிந்துவிட்டது. எட்டும் இருபத்து நாலும் என்று முடிவானது. தொழிலில் இதற்கு சைசிங் என்று பெயர். மேனுவலில் நான்கு பக்கம் வரும். கௌரவம் பற்றி அதில் ஒரு வரி கிடையாது.

பிரிக்கும் முன்

செய்துகொள்ள வேண்டிய ஜாக்கிரதைகளைச் சொல்லிவிடுகிறேன். பழைய கான்ஃபிகரேஷனை பேக்கப் எடுத்து வை. கேஷுக்கான பேட்டரி நல்லபடி இருக்கிறதா பார், கரன்ட் போனால் கவுண்டரில் கிடக்கிற புடவைக்கு அதுதான் காவல். ஒன்றுக்கொன்று காப்பி எடுக்கும் ஜோடி டிஸ்க்குகளை ஒரே பாகத்தில் வை, மாப்பிள்ளை ஒரு மண்டபத்திலும் பெண் ஒரு மண்டபத்திலும் இருந்தால் தாலி கட்ட முடியாது. பிடிக்கவில்லை என்றால் உடனே பழையபடி சேர்த்துவிடலாம் என்று நினைக்காதே, சேர்ப்பதற்கும் பிரிக்கிற நேரம் ஆகும்.

எல்லாவற்றையும் விட முக்கியம், கூட்டம் இல்லாத நேரத்தில் செய். பலகை வைப்பதற்கு முன் அந்த இடத்தில் கிடக்கிற புடவையை மடித்து ரேக்குக்கு அனுப்பியாக வேண்டும். மேலே மேலே வந்து விழுந்துகொண்டிருந்தால் எப்போது மடிப்பது?

கூட்டம் இல்லாத நேரம் எது என்று பார்க்க ஒரு மாசத்து ரைட் பெண்டிங் கிராஃபை எடுத்தேன். ராத்திரி என்று நினைத்திருந்தேன். ராத்திரி முழுக்க பேக்கப், விடிந்ததும் கிளைகளின் ஸ்டாக் கணக்கு. ஆனால் பகலில் ஒரு பள்ளம் இருந்தது, அதுவும் நாளுக்கு நாள் நகர்ந்தது. செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு மேல். புதன்கிழமை மத்தியானம். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு மேல். சாப்பாட்டு நேரம் என்று முதலில் நினைத்தேன். சாப்பாட்டு நேரம் கிழமைக்குக் கிழமை மாறுமா? தலையைச் சொறிந்துகொண்டு நிமிர்ந்தபோது எதிர்ச் சுவரில் கடையின் தினசரி காலண்டர் தொங்கியது. அன்றைய வெள்ளிக்கிழமைத் தாளில் ராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு வரை என்று போட்டிருந்தது.

நான் மாதா கோயிலுக்குப் போகிறவள், எங்கள் வீட்டுக் காலண்டரில் திருநாள் மட்டும்தான் பார்ப்போம். இந்த டெல்டாவில் இத்தனை சனம் ஒரே தாளைப் பார்த்துப் புடவை வாங்குகிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குப் படமாகத் தெரிந்தது. அந்தப் படத்தோடு போய் அடுத்த வெள்ளிக்கிழமை ராகு காலத்தில் பிரிக்கலாம் என்று சொன்னபோதுதான் சிவானந்தம் எந்த ஊர் என்று கேட்டார்.

அவர் குறித்தது அதே வெள்ளிக்கிழமை, ஒன்பதே காலுக்கு மேல் பத்தே காலுக்குள், நல்ல நேரம். அந்த ஒரு மணி நேரத்தில்தான் கிராஃப் மலை மாதிரி ஏறுகிறது என்று காட்டினேன். நல்ல நேரத்தில் வியாபாரம் கூடத்தான் செய்யும், அது நல்லதுதானே என்றார். திருச்சிக்குப் போன் போட்டு என் மேனேஜரிடம் முறையிட்டேன். கஸ்டமர் நாள் குறித்துவிட்டால் நாம் பேச முடியாது என்றார். அதோடு, அந்த வெள்ளிக்கிழமை தன்னைத் தேட வேண்டாம், நல்ல நாள் என்று அன்றைக்குத்தான் கிரகப்பிரவேசம் வைத்திருப்பதாகவும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை

ஸ்டோரேஜின் நெற்றியில் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, ஒரு முழம் மல்லிகை சுற்றியிருந்தார்கள். காற்று போகிற ஓட்டையை மறைக்காமல் பூவைத் தள்ளி வைத்தேன். சூடம் கொளுத்தப் போனவரைக் கையைப் பிடித்து நிறுத்தினேன். மேலே இருக்கிற கருவி புகையைக் கண்டால் தீ என்று நினைத்துத் தீயணைக்கும் கேஸைக் கொட்டிவிடும், எல்லாரும் மூச்சுத் திணறி வெளியே ஓட வேண்டும் என்று சொன்னதும் தட்டு வராந்தாவுக்குப் போனது. அங்கிருந்தே கதவு வழியாக மூன்று சுற்றுக் காட்டினார்கள்.

வேலை இரண்டு கட்டம். முதல் கட்டம், இருபத்து நாலையும் எட்டையும் பிரித்துப் பலகை வைப்பது. இரண்டாம் கட்டம், மங்கையின் டிஸ்க்குகளை அந்த எட்டின் பக்கம் மாற்றி விடுவது. ஒன்பதே காலுக்கு முதல் கட்டத்துக்கு அப்ளை பட்டனை அமுக்கினேன். சிவானந்தம் கும்பிட்டுவிட்டுக் கடையைப் பார்க்கக் கீழே இறங்கினார்.

எவ்வளவு முடிந்தது என்று ஸ்கிரீனில் காட்டும் கோடு நான்கு சதவீதம் வந்து நின்றுவிட்டது.

கீழே அவரே குறித்த நல்ல நேரத்தை நான்கு ஊரும் குறித்து வைத்திருந்தது. கூரைப்புடவை எடுக்க வந்த குடும்பங்கள் எல்லாம் பத்தரைக்குள் பில் போட்டாக வேண்டும். மெஷின் ஒரு பக்கம் மடித்து ரேக்குக்கு அனுப்பப் பார்க்கிறது, இன்னொரு பக்கம் நான்கு கடையிலிருந்து பில் வந்து விழுகிறது. ரைட் பெண்டிங் சிவப்புக்குப் போனது. பில் நின்றது. நாகப்பட்டினம் மேனேஜர் போனில் வந்து, சனம் கவுண்டர் மேலே ஏறிவிடும் போலிருக்கிறது மேடம், அந்தப் பூஜையை நிறுத்தச் சொல்லுங்கள் என்றார். பூஜை இல்லை, கான்ஃபிகரேஷன் என்றேன். எதுவாக இருந்தாலும் நிறுத்துங்கள் என்றார். பாதியில் நிறுத்த முடியாத வேலை என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

கீழே போய்ப் பார்த்தேன். ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அத்தை, அரக்குக் கூரைப்புடவையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கேஷியரிடம் மல்லுக்கு நின்றார்.

"பில்ல நாளைக்குக் குடுங்க, இல்ல தபால்ல அனுப்புங்க. எனக்கு அது வேணாம். காச மட்டும் இப்ப கையில வாங்குங்க."

"பில் இல்லாம வாங்கக் கூடாதும்மா."

"ஏன் சாமி, எங்க அண்ணன் மவ ராகு காலத்துல வாங்குன புடவையக் கட்டிக்கிட்டு மணையில உக்காரணுமா? வாங்குய்யா."

கேஷியர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அத்தை சட்டைப் பையில் திணித்துவிட்டார். இதைப் பார்த்து வரிசையில் நின்ற எல்லாரும் அவர் பையை நோக்கி வந்தார்கள். அவர் ஸ்டூல் மேலே ஏறினார்.

பத்தரை அடித்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், கடை அப்படியே அடங்கியது. பணம் கொடுத்தவர்கள் கிளம்பத் தொடங்கினார்கள். கொடுக்க முடியாதவர்கள் இப்போது பில்லே வேண்டாம் என்று புடவையை மடியில் வைத்துக்கொண்டு, பன்னிரண்டு அடிக்கட்டும் என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். அத்தைகூட, ஜெயித்த நிம்மதியில், பக்கத்தில் இருந்தவரிடம் தஞ்சாவூரில் எந்த ஓட்டலில் சாம்பார் நன்றாயிருக்கும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

நான் மாடிக்கு ஓடினேன். கோடு நாற்பது, அறுபது, தொண்ணூறு என்று ஓடிக்கொண்டிருந்தது.

இன்றைக்கும் எந்த ஊர் சைட்டுக்குப் போனாலும் கிராஃபோடு அந்த ஊர்க் காலண்டரையும் கேட்டு வாங்கிப் பார்க்கிறேன். நாகூரில் ஒரு தினுசு, வேளாங்கண்ணியில் ஒரு தினுசு. மெஷினுக்குக் கிழமை தெரியாது. அதில் எழுதுகிற ஆட்களுக்குத் தெரியும். பிள்ளைகளே, இதை மேனுவலின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் கட்டம்

முதல் கட்டம் முடிந்ததும் சிவானந்தம் வியர்த்து வழிய மேலே வந்தார். நேராகத் தங்கையைத் தேடினார். மங்கை சர்வர் ரூம் வாசலில்தான் நின்றிருந்தார்.

"ஸ்கேன் ஓடுதா?"

"காலையிலேருந்து பூட்டி வச்சிருக்கேண்ணே. நீ பண்ற நல்ல காரியத்துல நம்மால எதுவும் நிக்கக் கூடாதுன்னு."

அவர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்றேன். இன்றைக்கு நின்றது ஸ்கேனால் இல்லை, ஆனால் ஆடியில் நின்றதில் ஸ்கேனுக்கும் பங்கு உண்டு, இரண்டையும் சொல்லிவிட்டேன். கஸ்டமரிடம் பாதி உண்மை சொன்னால் மீதியையும் நாம்தான் ஒருநாள் போய்ச் சொல்ல வேண்டியிருக்கும்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். இனி என்ன என்று கேட்டார்.

இனி ஒரே ஒரு அப்ளை. பலகை வைத்தாகிவிட்டது, மங்கையின் டிஸ்க்குகள்தான் இன்னும் இந்தப் பக்கமே இருக்கின்றன. மாற்றாமல் விட்டால், எட்டு ஜிபி யாருக்கும் இல்லாமல் அந்தப் பக்கம் சும்மா கிடக்கும், இருவரும் இருபத்து நாலில் முட்டிக்கொள்வார்கள், முன்னைவிட மோசம். சாயங்காலம் நல்ல நேரம் இருக்கிறது. அப்போது கடை நிறைந்திருக்கும், காலையில் பார்த்ததைத் திரும்பப் பார்க்கலாம். இப்போது ரைட் பெண்டிங் தரையில் கிடக்கிறது, காபி குடிக்கிற நேரத்தில் முடிந்துவிடும்.

இப்போது என்றால் எது என்று அவருக்கும் தெரியும். மணி பதினொன்று.

"இத அமுக்கிட்டா," என்றார் மெதுவாக, "அவ மேல எவ்வளவு ஸ்கேன் போட்டாலும் கடை பில்லு நிக்காது. அப்படித்தானே?"

"அவங்களால நிக்காதுங்க."

"அப்ப அவ இங்கேயே இருக்கலாம்."

அது என்னிடம் கேட்ட கேள்வி இல்லை.

மங்கை உள்ளே வந்தார். "கையி காலு ஒடிஞ்சு வர்றவன் நேரம் பாத்தா வர்றான்? எனக்குப் பழக்கம்தான். நானே அமுக்கறேண்ணே," என்று மவுஸை எடுத்தார்.

"கைய எடு."

"ஏண்ணே?"

"உன் பாகம்டி அது. நீயே இந்த நேரத்துல தொட்டு, நாளைக்கு மஸ்கட்லேருந்து மாப்பிள்ள வர்றப்ப ஒண்ணுன்னா?"

நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டேன். எனக்கு ராகு காலம் கிடையாது, நான் அமுக்கிவிடுகிறேன், உங்கள் இருவருக்கும் சம்பந்தமில்லை என்றேன். அதைவிட நல்ல யோசனை அந்த அறையில் இல்லை என்றுதான் நினைத்தேன்.

அவர் தலையை ஆட்டினார். "நீங்க அமுக்கினா அந்த தோஷம் உங்க மேல ஒட்டாது மேடம். ஒட்டாததுன்னா அது எங்க போகும்? திரும்ப இவகிட்டதான் வரும். யாராவது ஒருத்தர் வாங்கிக்கணும்ல."

எழுந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார். மவுஸை அதுவரை அவர் தொட்டதே இல்லை, பல்லியைப் பிடிக்கிற மாதிரி பிடித்தார். எது என்று கேட்டார், அப்ளையைக் காட்டினேன். அம்புக்குறி இரண்டு தடவை அதைத் தாண்டி ஓடியது, மூன்றாம் தடவை வந்து நின்றது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அமுக்கினார். வலது பக்கப் பட்டனை அமுக்கியிருந்தார், ஏதோ ஒரு பட்டியல் விரிந்தது.

"ஆயிடுச்சா?"

"இடது பக்கம்ணே," என்றார் மங்கை.

கண்ணைத் திறக்காமலே விரலை இடது பக்கம் நகர்த்தி, அமுக்கினார்.